கருமபீடம் ஏன் வெறுமையாகிறது? உள்ளூராட்சி சபைகளில் லீவும் கட்டாயப் பயிற்சியும்

"அந்த மிஸ் இண்டைக்கு லீவு." "ஐயா ட்ரெய்னிங்குக்குப் போயிட்டார், நாளைக்கு வாங்க." கொழும்பில் ஒரு மாநகர சபைக்கோ நகர சபைக்கோ வேலையாகப் போய் வந்தவர்கள் இந்த இரண்டு பதில்களில் ஒன்றையாவது கேட்டிருப்பார்கள். வரி கட்டப் போனவர், கட்டட வரைபடத்துக்கு அனுமதி கேட்டுப் போனவர், வடிகான் அடைத்துவிட்டதென்று முறையிடப் போனவர் என்று யாருக்கும் இது நேரலாம்.

2025இல் வந்த சில செய்திகள் இந்த விடயத்தை இன்னும் குழப்பின. வரவைப் பதியும் கைவிரல் அடையாள இயந்திரமும் மேலதிக நேரக் கொடுப்பனவும் ஆகஸ்டில் நடந்த தபால் ஊழியர் பணிப்பகிஷ்கரிப்பில் பெரிய வாதமாயின. ஊழலைத் தடுக்க அரச நிறுவனங்கள் தோறும் உள்ளக அலுவல்கள் பிரிவு அமைக்க வேண்டும் என்று ஜனாதிபதி செயலகம் அறிவித்தது. 2023 மார்ச்சிலிருந்து மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் ஆணையாளர்களும் செயலாளர்களும் நடத்திவந்த சபைகள், மே 6ஆம் திகதித் தேர்தலுக்குப் பின் மறுபடி கூடின. இவை எல்லாம் ஊழியரிடம் கேட்பவை இரண்டு: ஒழுங்காக வேலைக்கு வரவேண்டும், புதிய சட்டங்களைக் கற்றுக்கொள்ள வேண்டும். இரண்டும் நியாயமானவைதான். ஆனால் ஒரே ஆளின் ஒரே நாளைத்தான் இரண்டும் கேட்கின்றன. அந்த நாளை யார், எந்தப் புத்தகத்தில் கணக்கு வைக்கிறார்கள் என்று பார்த்தால் கருமபீடம், அதாவது மக்களின் அலுவலைப் பார்க்கும் மேசை, வெறுமையாவதன் காரணம் விளங்கும்.

சபையில் வேலை செய்பவர் யாருடைய ஊழியர்?

கொழும்பு மாவட்டத்தில் 5 மாநகர சபைகள் உள்ளன: கொழும்பு, தெஹிவளை - கல்கிசை, ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே, கடுவெல, மொரட்டுவ. கொலன்னாவ, மஹரகம போன்ற நகர சபைகளும் ஹோமாகம போன்ற பிரதேச சபைகளும் இவற்றுக்கு வெளியே இயங்குகின்றன. மாநகர சபைகளுக்கு 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நகர சபைகளுக்கு 1939ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பிரதேச சபைகளுக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம் இருக்கிறது. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின் பின் உள்ளூராட்சி மாகாணத்துக்குரிய விடயமாயிற்று.

ஆகவே ஒரே கட்டடத்துக்குள் பல வகையான ஊழியர்கள் இருக்கிறார்கள். நிர்வாக சேவை, பொறியியல் சேவை, கணக்காளர் சேவை போன்ற நாடளாவிய சேவைகளிலிருந்து வந்தவர்கள் ஒரு வகை. மாகாண அரச சேவையைச் சேர்ந்தவர்கள் இன்னொரு வகை. அப்புறம் தற்காலிகமாகவோ, வேறொருவருக்குப் பதிலாகவோ, தேவைக்கேற்ப அமைய அடிப்படையிலோ எடுக்கப்பட்டவர்கள். குப்பை அள்ளுவது, வீதி கூட்டுவது, வடிகான் துப்புரவு செய்வது போன்ற வேலைகளில் இந்த மூன்றாம் வகையினர் நிறைய. கொழும்பு மாநகரில் குப்பை அகற்றும் வேலையில் ஒரு பகுதி தனியார் நிறுவனங்களிடம் இருக்கிறது. அந்தத் தொழிலாளர்கள் சபையின் சம்பளப் பட்டியலிலேயே இல்லை.

லீவு என்று வரும்போது அடிப்படை நூல், அரச ஊழியருக்கான விதிகளின் தொகுப்பான தாபன விதிக்கோவை. அதன் 12ஆம் அத்தியாயம் முழுக்க லீவு பற்றியது. ஆனால் நியமனம், ஒழுக்காற்று, இடமாற்றம் ஆகியவற்றுக்கு ஆளுக்கு ஒரு அதிகாரி, ஆளுக்கு ஒரு ஆணைக்குழு. ஒரே மேசையில் உட்காரும் இருவரின் கோப்புகள் இரண்டு இடங்களுக்குப் போகலாம். பின்னால் வரும் சிக்கல்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

லீவு எத்தனை வகை?

தனியார் துறையில், கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டத்தின்படி, ஓராண்டில் 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமைய லீவும் கிடைக்கும். அதைப் பழகியவர்களுக்கு அரச சேவையின் கணக்கு வேறாகத் தெரியும்.

1. அமைய லீவு. ஓராண்டுக்கு 21 நாள். திடீர்த் தேவைகளுக்கானது. எடுக்காவிட்டால் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது.

2. ஓய்வு லீவு. ஓராண்டுக்கு 24 நாள். சுகயீன லீவும் இதிலிருந்துதான் கழியும். இரண்டையும் சேர்த்துத்தான் "அரச ஊழியருக்கு 45 நாள் லீவு" என்று பேசிக்கொள்கிறோம்.

3. பிரசவ லீவு. முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாட்கள். வேலை நாட்கள் என்பதால் சனி, ஞாயிறு, அரச விடுமுறைகள் இதில் சேரா. நாட்காட்டியில் ஏறத்தாழ நான்கு மாதம் வரும். அதன்பின் 84 நாள் அரைச் சம்பளத்திலும், தேவையென்றால் மேலும் 84 நாள் சம்பளமின்றியும் எடுக்கலாம். தந்தைக்கு 3 நாள்.

4. குறுகிய லீவு. மாதத்துக்கு இரண்டு தடவை, ஒவ்வொன்றும் ஒன்றரை மணித்தியாலம். பிள்ளையைப் பாடசாலையில் விடுவதும் வங்கிக்கு ஓடுவதும் இதில்தான் நடக்கும்.

5. கடமை லீவு. சபைக்கு வெளியே அரச வேலையாகவோ பயிற்சிக்கோ போகும் நாள். சொந்த லீவில் கழியாது.

6. சம்பளமற்ற லீவு. 2022 நெருக்கடியின்போது வந்த 14/2022ஆம் இலக்கப் பொது நிர்வாக சுற்றறிக்கை, சிரேஷ்டத்துவத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிப்பில்லாமல் ஐந்து ஆண்டு வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போக இடம் கொடுத்தது. போனவர் திரும்பி வரும்வரை அவருடைய இடத்தை நிரந்தரமாக நிரப்புவது எளிதில்லை.

இவற்றைத் தவிர, முஸ்லிம் பெண் உத்தியோகத்தர்களுக்கு, கணவர் இறந்தபின் கடைப்பிடிக்கும் இத்தா காலத்துக்கான லீவும் உண்டு. நோன்பு மாதத்தில் தொழுகைக்கும் வணக்கங்களுக்கும் ஏற்றபடி வேலை நேரத்தை ஒழுங்கு செய்யச் சொல்லி ஆண்டுதோறும் அறிவித்தலும் வரும்.

அனுமதி இல்லாமல் வராமல் விடுவது முற்றிலும் வேறு. அது நீடித்தால் பதவி வறிதாக்கல் கடிதம் வீட்டுக்கு வரும். அதாவது, ஊழியர் தாமாகவே பதவியை விட்டுப் போனதாக நிர்வாகம் கருதுகிறது என்று பொருள். சுகயீனமாகப் படுத்திருந்தவர் உரிய நேரத்தில் அறிவிக்காமல் விட்டு இந்தக் கடிதத்தை எதிர்கொள்வதும் நடக்கக்கூடியது. மருத்துவச் சான்றிதழ் கையில் இருந்தாலும் அது அலுவலகத்துக்கு வந்து சேரும்வரை கோப்பில் இருப்பது வெற்றிடம்தான். எனவே, வர முடியாத அன்றைக்கே ஒரு தொலைபேசி அழைப்பு, அதைத் தொடர்ந்து எழுத்தில் ஒரு வரி என்ற பழக்கம் ஒவ்வொரு ஊழியருக்கும் வேண்டும்.

படிவத்தில் எல்லோரும் கடந்துபோகும் ஒரு வரி

லீவுக்கு நிரப்பும் படிவம் பொது 125 அ. பெயர், பதவி, இந்த ஆண்டில் ஏற்கெனவே எடுத்த லீவு, எப்போது தொடங்குகிறது, எப்போது கடமைக்குத் திரும்புவார், லீவில் இருக்கும்போது எந்த முகவரியில் இருப்பார் என்றெல்லாம் அது கேட்கும். அதில் பதில் கடமை பார்ப்பவர் யார் என்ற இடமும் அவருடைய கையொப்பத்துக்கான இடமும் உண்டு.

எனக்குத் தெரிந்தவரை முழுப் படிவத்திலும் பொதுமக்களுக்கு மிக வேண்டியது அந்த ஒரு வரிதான். மற்றதெல்லாம் ஊழியருக்கும் நிர்வாகத்துக்கும் இடையிலான கணக்கு. இந்த வரி மட்டும்தான் நாளைக்கு வரப்போகும் ஆளுக்கு யார் பதில் சொல்வார் என்று கேட்கிறது. நடைமுறையில் பக்கத்து மேசையில் இருப்பவர் ஒரு கையொப்பம் போட்டுக் கொடுத்துவிடுகிறார். அவருக்கு அந்தக் கோப்புகள் எங்கே இருக்கின்றன என்பது தெரியாது, கணினியின் கடவுச்சொல் தெரியாது, வருகிறவரின் மொழி தெரியாமலும் இருக்கலாம். கையொப்பம் இருக்கிறது, பதில் கடமை இல்லை.

பயிற்சிக்குப் போகும்போது நிலைமை இன்னும் மோசம். லீவுக்காவது இந்தப் படிவம் உண்டு. பயிற்சிக்குப் பெயர் குறிக்கும் கடிதம் மேலிருந்து வருகிறது, ஊழியர் புறப்பட்டுவிடுகிறார். அந்த நாளில் அவருடைய இடத்தில் யார் என்ற கேள்வியை எந்தக் காகிதமும் கேட்பதில்லை.

ஐந்து பேர் உள்ள ஒரு கருமபீடத்தின் கணக்கு

இதை எண்ணில் பார்த்தால் தெளிவாகும். ஒரு வருமானப் பிரிவில் ஐந்து பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 45 நாள் என்றால் மொத்தம் 225 ஆள்நாட்கள். சனி, ஞாயிறு, போயா நாட்கள், மற்ற அரச விடுமுறைகள் எல்லாம் போக ஓராண்டில் மிஞ்சும் வேலை நாட்கள் ஏறத்தாழ 240. ஆக, எல்லோரும் தமக்குரிய லீவை முழுதாக எடுத்தால் சராசரியாக ஒவ்வொரு நாளும் ஒருவர் இருக்கமாட்டார். யாரும் விதியை மீறவில்லை, யாரும் சோம்பேறி இல்லை. உரிமையான லீவை எடுத்தாலே நிலை இதுதான்.

ஆளுக்கு ஐந்து நாள் பயிற்சியைச் சேருங்கள். இன்னும் 25. மொத்தம் 250. இப்போது ஒருவர் இல்லாதது நிரந்தரம். அவர்களில் ஒருவர் பிரசவ லீவில் போனால் நான்கு மாதத்துக்கு ஐந்து பேரின் வேலையை மூவர் பார்க்க வேண்டும்.

சராசரி என்பதும் முழு உண்மையைச் சொல்லாது. லீவு ஆண்டு முழுக்கச் சமமாகப் பரவுவதில்லை. அமைய லீவு டிசம்பர் 31ஓடு காலாவதியாவதால் ஆண்டு இறுதியில் குவியும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஊருக்குப் போகிறவர்கள் யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ நுவரெலியாவுக்கோ போய் ஒரு வாரம் நின்றுதான் வருவார்கள். பயிற்சிக்கென ஒதுக்கிய பணம் ஆண்டு முடியுமுன் செலவாக வேண்டும் என்பதால் வகுப்புகளும் கடைசிக் காலாண்டில் சேர்ந்துகொள்கின்றன.

அதற்கு அடுத்த மாதம் ஜனவரி. ஆண்டு முழுவதுக்குமான ஆதன வரியை ஜனவரி 31க்கு முன் செலுத்துபவருக்கு 10 சதவீதக் கழிவு உண்டு என்பதால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடு வைத்திருப்பவர்கள் எல்லாம் வரிசையில் நிற்கும் மாதம் அது. அதே மாதத்தில்தான் தைப்பொங்கலும் வருகிறது. இந்த நெரிசல் ஒவ்வோர் ஆண்டும் அதே திகதியில் வருவது எல்லோருக்கும் தெரியும். லீவு அட்டவணையை நவம்பரிலேயே போட்டுவிட்டால் பாதி சமாளிக்கலாம்.

கட்டாயப் பயிற்சி: எந்தச் சட்டம் எதைக் கேட்கிறது?

சட்டமும் சுற்றறிக்கையும் விதிக்கும் கடமைகளை ஊழியர் தெரிந்து, செய்து, செய்ததைப் பதிவிலும் வைத்திருக்கப் பழக்குவதைத்தான் கட்டாயப் பயிற்சி என்கிறோம். கணினிப் பயிற்சி, தலைமைத்துவப் பயிற்சி போன்றவை நல்லவை, ஆனால் வேறு வகை. இவற்றை நடத்த 1999ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கை உள்ளூராட்சி நிறுவகம், கொழும்பு 7இல் உள்ள இலங்கை அபிவிருத்தி நிர்வாக நிறுவகம், மாகாணப் பயிற்சிப் பிரிவு ஆகியவை இருக்கின்றன. கடந்த பத்தாண்டில் கற்க வேண்டியவை நிறையக் கூடிவிட்டன. பழையவற்றையும் சேர்த்தால் பட்டியல் இது:

1. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. ஒவ்வொரு சபையிலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்க வேண்டும். கோரிக்கை வந்தால் 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். ஒருவரின் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டால் 48 மணித்தியாலம்.

2. ஊழல் எதிர்ப்புச் சட்டம், 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். 2023 செப்டெம்பர் 15 முதல் நடைமுறையில். சொத்துக்கள், பொறுப்புகள் பற்றிய வெளிப்படுத்தல், நல முரண்பாடு, பரிசு வாங்குதல் எல்லாம் இதில் வருகின்றன. மார்ச் 31இல் உள்ள நிலையைக் காட்டும் வெளிப்படுத்தலை ஜூன் 30க்கு முன் கொடுக்க வேண்டும். சபை உறுப்பினர்களுக்கும் இது பொருந்தும். 2025இல் முதற்தடவையாகச் சபைக்கு வந்தவர்களுக்குக் கட்டாயம் கற்பிக்க வேண்டியது இது.

3. கொள்முதல் வழிகாட்டல்கள். 2025 ஜனவரி 1 முதல் புதியவை நடைமுறைக்கு வந்தன. பழைய முறையில் கேள்விப்பத்திரம் (டெண்டர்) கோரினால் கணக்காய்வு வினா நிச்சயம்.

4. இரண்டாம் மொழித் தேர்ச்சி. 07/2007ஆம் இலக்கச் சுற்றறிக்கை, 2007 ஜூலை 1க்குப் பின் சேவையில் சேர்ந்தவர்கள் ஐந்து ஆண்டுக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. பின்னர் 18/2020 அதைத் திருத்தியது. சம்பள ஏற்றத்தோடும் பதவி உயர்வோடும் கட்டப்பட்டது இது.

5. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு. 1995 முதல் பாலியல் தொந்தரவு குற்றம். வேலைத்தளத்தில் அதிகாரத்தைப் பயன்படுத்திச் செய்வதும் இதில் அடங்கும். முறைப்பாட்டை யாரிடம் கொடுப்பது என்று ஒவ்வொரு தொழிலாளிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

6. தொழிற் பாதுகாப்பு. வடிகானுக்குள் இறங்குவது, குப்பை லொறியின் பின்னால் தொங்கிக்கொண்டு போவது, கழிவு நீரைக் கையாள்வது. இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

இந்தப் பட்டியலில் எதையும் வெறும் சம்பிரதாயமாக எடுக்க முடியாது. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு காலக்கெடு இருக்கிறது, பல இடங்களில் தண்டனையும் இருக்கிறது.

லீவும் சட்டமும் மோதும் இடம்

தகவல் கோரிக்கை ஒன்று சபைக்கு வருகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். தகவல் உத்தியோகத்தர் அன்று முதல் இரண்டு வாரம் வெளிநாட்டு லீவில். சட்டத்தின் 14 வேலை நாட்கள் அவருக்காக நின்று காத்திருக்காது. அவர் திரும்பி வந்து கடிதத்தைப் பிரிக்கும்போது மிஞ்சியிருப்பது நாலைந்து நாள். அதற்குள் வேறு பிரிவிலிருந்து ஆவணம் வர வேண்டும், அந்தப் பிரிவின் தலைவர் ஒரு மூன்று நாள் பயிற்சியில். காலம் கடந்துவிடுகிறது, விண்ணப்பதாரர் மேன்முறையீட்டுக்குப் போகிறார். தகவலை மறைக்க யாரும் நினைக்கவில்லை. இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் வெளியே போக அனுமதி கொடுத்த கை, அந்த இருவரிடமும் இருந்த கடமையைப் பார்க்கவில்லை.

மொழியும் இப்படித்தான். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் ஒருவர் அரச உத்தியோகத்தரோடு தமிழிலோ ஆங்கிலத்திலோ கருமமாற்றவும் அதே மொழியில் பதில் பெறவும் உரித்துடையவர். கொழும்பு மாநகரில் தமிழ் பேசுவோர் எத்தனை பேர் என்று நமக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. மட்டக்குளி, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, மருதானை என்று நடந்து பார்த்தால் போதும். ஆனால் ஒரு பிரிவில் தமிழ் எழுதத் தெரிந்தவர் ஒருவர்தான் என்றால், அவர் லீவு எடுக்கும் 45 நாளும் அந்தப் பிரிவில் அந்த உரிமை காகிதத்தில் மட்டும்தான் இருக்கும். அவரையே மொழிபெயர்ப்புக்கும் கூப்பிடுகிறார்கள், சுற்றறிக்கை விளக்கவும் கூப்பிடுகிறார்கள், ஒரு நாள் லீவு கேட்டால் "நீங்கள் போனால் யார் பார்ப்பது?" என்கிறார்கள். இது அவருக்குச் செய்யும் அநியாயம். இரண்டாம் மொழி வகுப்புக்கு மற்ற நால்வரையும் முறைவைத்து அனுப்பியிருந்தால் அவருடைய லீவும் காப்பாற்றப்பட்டிருக்கும், மக்களின் உரிமையும் காப்பாற்றப்பட்டிருக்கும். மொழிப் பயிற்சியை லீவு நிர்வாகத்தின் ஒரு கருவியாகவே நான் பார்க்கிறேன்.

மூன்றாவது, வீதியில் வேலை செய்பவர்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று கொலன்னாவ அருகே மீத்தொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஆண்டிலேயே மிகக் கூடுதலான பேர் லீவில் இருக்கும் நாள் அது. அவசர நிலை விடுமுறை பார்த்து வருவதில்லை என்பதால், பண்டிகை நாட்களிலும் தீயணைப்பு, கழிவகற்றல், சுகாதாரம் ஆகிய பிரிவுகளில் யார் யார் கூப்பிட்டால் வரக்கூடிய தூரத்தில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் வேண்டும். 1979ஆம் ஆண்டின் 61ஆம் இலக்க அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்டத்தின் கீழ் உள்ளூராட்சி சேவைகளையும் வர்த்தமானி மூலம் அத்தியாவசியமாக்கலாம். அப்படி அறிவித்த பின் வேலைக்கு வராமல் விடுவதே குற்றமாகிவிடும். அந்த நிலைக்குப் போகுமுன் ஒழுங்கான முறைப்பட்டியல் ஒன்று எவ்வளவோ மேல்.

இந்தத் தொழிலாளர்களுக்குப் பயிற்சி என்றால் என்ன நடக்கிறது? காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் இடத்திலிருந்து மண்டபத்துக்கு வரச் சொல்கிறார்கள். திரையில் ஒரு விளக்கக் காட்சி, பெரும்பாலும் ஒரே மொழியில். கையொப்பம் வாங்கியதும் முடிந்தது. நாட்சம்பளக்காரருக்கு அந்த நாளின் சம்பளம் நிச்சயமாகக் கிடைக்குமா, வழக்கமாகக் கிடைக்கும் மேலதிக நேரம் போய்விடுமா என்ற பயம் இருந்தால் அவர் வரமாட்டார். வந்தாலும் மனம் அங்கே இருக்காது. பாதுகாப்புப் பயிற்சி நாள் முழுக் கடமை நாளாகவே எழுதப்படும் என்று எழுத்தில் சொல்வதும், வகுப்பை அவரவர் மொழியில் வேலை நடக்கும் இடத்திலேயே நடத்துவதும் இவர்களுக்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்சம்.

நாள் எழுதுவது இவர்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு உதாரணம் உண்டு. 25/2014ஆம் இலக்கப் பொது நிர்வாக சுற்றறிக்கை, தற்காலிக, அமைய, பதில் அடிப்படைகளில் 180 நாள் சேவை முடித்தவர்களை நிரந்தரமாக்க வழி செய்தது. 180ஐக் காட்ட அவர்களிடம் இருந்த ஒரே சான்று வரவுப் பதிவேடு. அதில் விடுபட்ட ஒரு பக்கம் ஒரு குடும்பத்தின் ஓய்வூதியத்தை மாற்றிவிடும். அலுவலக உத்தியோகத்தருக்கு லீவுக் கணக்கு பிழைத்தால் ஒரு கடிதம் எழுதித் திருத்தலாம். இவர்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதக்கூட ஆள் தேட வேண்டும்.

கைவிரல் இயந்திரம் எதைச் செய்யும், எதைச் செய்யாது

வரவையும் வெளியேறுவதையும் கைவிரல் அடையாள இயந்திரத்தால் உறுதிசெய்யச் சொல்லும் 09/2009ஆம் இலக்கச் சுற்றறிக்கை வந்து பதினைந்து ஆண்டுக்கு மேலாகிறது. அலுவலக நேரம் காலை 8.30 முதல் மாலை 4.15 வரை. மேலதிக நேரக் கொடுப்பனவை இந்தப் பதிவோடு இணைத்தால், வேலை செய்யாத நேரத்துக்குப் பணம் போவது குறையும். தேசிய கணக்காய்வு அலுவலகம் சபைகளைக் கணக்காய்வு செய்யும்போது சம்பளப் பட்டியலையும் வரவுப் பதிவையும் ஒப்பிட்டுப் பார்க்கவும் அது உதவும்.

ஆனால் இயந்திரம் ஒருவர் வாசலைக் கடந்ததை மட்டுமே சொல்லும். வெளிக்களத்தில் இருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வரி அறவிடப் போனவர், பயிற்சி நிறுவகத்தில் உட்கார்ந்திருப்பவர் ஆகியோருக்கு அதில் வெற்றிடம்தான் விழும். அந்த வெற்றிடத்தை யாராவது கையால் நிரப்ப வேண்டும். கடமை லீவு அனுமதி உரிய நேரத்தில் லீவுப் பிரிவுக்குப் போகாவிட்டால், பயிற்சிக்குப் போன ஊழியருக்குச் சொந்த லீவில் ஒரு நாள் கழிந்துவிடும், சில வேளை சம்பளமே வெட்டப்படும். சட்டத்தைக் கற்கப் போனவரைத் தண்டிப்பதாக அது முடிகிறது.

விரல் அடையாளம் ஒருவரின் உடலோடு ஒட்டிய தகவல் என்பதையும் மறக்கக் கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய தரவுக்குக் கூடுதல் பாதுகாப்புக் கேட்கிறது. அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது தள்ளிப்போனாலும், எங்கே சேமிக்கிறார்கள், யார் பார்க்கலாம் என்ற விதிகளைச் சபைகள் இப்போதே எழுதிவைப்பது நல்லது. சுகயீன லீவோடு வரும் மருத்துவச் சான்றிதழ்களும் இதே வகைதான். மேசையில் திறந்து கிடக்கும் கோப்பில் ஒருவரின் நோய் விபரம் இருக்கக் கூடாது.

ஒரு சபை செய்யக்கூடியது

விலை கூடிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. ஒரு விரிதாளும் பொறுப்பான ஒருவரும் போதும்.

1. லீவுப் பதிவும் பயிற்சிப் பதிவும் ஒரே அட்டவணையில். ஒருவரின் வரிசையைப் பார்த்தால் இந்த மாதம் அவர் எத்தனை நாள் இருக்கமாட்டார் என்று காரணம் எதுவானாலும் தெரிய வேண்டும்.

2. ஒவ்வொரு பிரிவுக்கும் குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை. அதில் தமிழில் கருமமாற்றக்கூடிய ஒருவர் கட்டாயம். இந்த எண்ணிக்கைக்குக் கீழே போகும் நாளில் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கக் கூடாது. சுகயீனத்தைத் தடுக்க முடியாது, பயிற்சியின் திகதியை மாற்றலாம்.

3. சட்டத்தால் பெயர் குறித்த கடமை உள்ளவர்களுக்கு எழுத்தில் ஒரு மாற்று ஆள். தகவல் உத்தியோகத்தர், கொள்முதல் குழு உறுப்பினர், காசாளர். இவர்களோடு மாற்று ஆளும் அதே பயிற்சியைப் பெற்றிருக்க வேண்டும், ஆனால் இருவரும் ஒரே நாளில் போகக் கூடாது.

4. பயிற்சிக் கடிதம் வந்ததும் அதே நாளில் கடமை லீவு பதியப்பட வேண்டும். பொறுப்பு லீவுப் பிரிவுக்கு. ஊழியர் அலைய வேண்டியதில்லை.

5. கட்டாயப் பயிற்சிகள் மார்ச்சுக்கும் செப்டெம்பருக்கும் இடையில், ஏப்ரல் நடுப்பகுதியை விட்டு. சொத்து வெளிப்படுத்தல் பற்றிய வகுப்பு மேயில் நடந்தால்தான் ஜூன் 30க்குப் பயன்படும்.

இவற்றில் இரண்டாவதுதான் மிகக் கடினம். ஏனென்றால் அது ஆள் பற்றாக்குறையை வெளியே காட்டிவிடும். ஒரு பிரிவில் தமிழில் கருமமாற்றக்கூடியவர் ஒருவர்கூட இல்லை என்று எழுத்தில் வருவதை எந்த நிர்வாகமும் விரும்பாது. இருந்தாலும் எழுதினால்தான் அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மொழிப் பயிற்சிக்கும் ஆளணிக்கும் பணம் கேட்க முடியும். சபையில் உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்கள் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்.

வரி கட்டுபவர் கேட்டுப் பெறக்கூடியது

சபை உறுப்பினர் கேட்காவிட்டால் நாமே கேட்கலாம். தனிப்பட்ட ஓர் ஊழியரின் லீவுக் கணக்கை வெளியாள் ஒருவர் கேட்பது பொருத்தமில்லை, சட்டமும் தனியுரிமையைக் காக்கிறது. ஆனால் பின்வருவனவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்பதில் தடையில்லை: சென்ற ஆண்டு எந்தெந்தச் சட்டங்கள் பற்றி எத்தனை உத்தியோகத்தர்கள் பயிற்சி பெற்றார்கள், துப்புரவுத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி எந்த மொழிகளில் நடந்தது, பொதுமக்கள் வரும் ஒவ்வொரு பிரிவிலும் தமிழ்த் தேர்ச்சி பெற்றவர்கள் எத்தனை பேர், தகவல் உத்தியோகத்தர் இல்லாத நாட்களில் பதில் கடமை யாருக்கு.

கோரிக்கையைத் தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. கொடுத்ததும் ஏற்றுக்கொண்டதற்கான எழுத்து மூலச் சான்றைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள திகதியிலிருந்து 14 வேலை நாட்களை எண்ணத் தொடங்குங்கள். உரிய உத்தியோகத்தர் லீவில் இருந்தாலும் அந்த எண்ணிக்கை மாறாது.